மேய்க்கால் வேறு, மந்தைவெளி வேறு: பதிவேட்டுச் சொல்லைப் பார்த்து மனு எழுதுங்கள்

ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இன்று பெரிய சிக்கல் மேய்ச்சலுக்கு இடம் இல்லாததுதான். ஊரைச் சுற்றியிருந்த வெளிகள் மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. மாடுகள் சாலைக்கு வருகின்றன. மாநகராட்சி பிடித்துச் சென்றால் அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். மிச்சமிருக்கும் பொது நிலத்தையாவது காப்பாற்றலாம் என்று மனு கொடுத்தால், "நீங்கள் சொல்லும் சர்வே எண்ணில் மேய்க்கால் இல்லை" என்று பதில் வர இடமுண்டு. பல நேரங்களில் நிலம் அங்கேதான் இருக்கும்; மனுவில் எழுதிய சொல்தான் தவறாக இருக்கும்.

பேச்சில் நாம் எல்லாவற்றையும் 'மேய்ச்சல் நிலம்' என்று சொல்லிவிடுகிறோம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்பது ஒன்று, மந்தைவெளிப் புறம்போக்கு என்பது வேறொன்று.

மேய்க்கால் என்றால் என்ன?

கால்நடைகள் மேய்வதற்காக ஊருக்குப் பொதுவாக ஒதுக்கிய நிலம் மேய்க்கால். பெரும்பாலும் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, பயிருக்கு அவ்வளவாக ஏற்காத மேட்டு நிலமாகவோ சரளை நிலமாகவோ இருக்கும். பரப்பு பெரிதாக இருக்கும். மாடு, ஆடு நாள் முழுக்க நின்று மேய வேண்டிய இடம் என்பதால் புல்லும் புதரும் இங்கே முக்கியம்.

மந்தைவெளி என்றால் என்ன?

மந்தை என்றால் கூட்டம். வெளி என்றால் திறந்த இடம். காலையில் வீட்டுக்கு வீடு அவிழ்த்து விடும் மாடுகள் ஒன்றுசேர்ந்து நிற்கவும், மாலையில் திரும்பி வந்து பிரிந்து வீட்டுக்குப் போகவும் விட்ட இடம் இது. ஊரை ஒட்டியே இருக்கும். குளமோ நிழல்மரமோ பக்கத்தில் இருக்கும். பரப்பு சிறியது. தினமும் குளம்பு படுவதால் புல் அவ்வளவாக நிற்காது. சென்னை நகரத்துக்குள் இருக்கும் மந்தைவெளி என்ற பகுதியின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. மதுரைப் பக்கம் மந்தை என்றால் ஊர் கூடும் இடம் என்றே பொருள். அங்கே மந்தையம்மன் கோயில்களும் உண்டு.

சுருக்கமாகச் சொன்னால், மேய்க்கால் மாடு தின்னும் இடம், மந்தைவெளி மாடு கூடும் இடம்.

சட்டமும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 134-ஆவது பிரிவு, கிராம ஊராட்சியின் பொறுப்பில் வரும் புறம்போக்குகளைப் பட்டியலிடுகிறது. மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு-இடுகாடு, மந்தை, வண்டி நிறுத்தும் இடம், தோப்பு என்று ஒவ்வொன்றும் தனிப் பெயரோடு அதில் வருகிறது. இவற்றின் பயன்பாட்டை, அரசின் விதிகளுக்கு உட்பட்டு, ஊராட்சி ஒழுங்குபடுத்தலாம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்?

முதலாவது, "இங்கே புல்லே இல்லை, இது எப்படிக் கால்நடைக்கான நிலம்?" என்ற வாதம். மந்தைவெளியில் புல் இல்லாமல் இருப்பது இயல்பு. அதை வைத்து அந்த நிலம் பயன்படவில்லை என்று சொல்ல முடியாது. மேய்க்காலில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தாலும் குப்பை கொட்டிக் கிடந்தாலும், அரசு முறைப்படி வகைமாற்றம் செய்யும்வரை அது மேய்க்கால்தான்.

இரண்டாவது, புல் இருப்பதாலேயே ஒரு நிலம் மேய்க்கால் ஆகிவிடாது. செம்பரம்பாக்கம் ஏரியிலும் இந்தப் பகுதியின் மற்ற ஏரிகளிலும் நீர் வற்றும் காலத்தில் கரையோரம் பச்சையாகப் புல் முளைக்கும், மாடுகளும் மேயும். ஆனால் அது பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு, அதாவது நீர்நிலை. அதேபோல் வீடு கட்டாமல் கிடக்கும் மனையில் புல் வளர்ந்தாலும் அது தனியார் பட்டா நிலம். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் மாடு விட்டால் வழக்கு வரும்.

மூன்றாவது, தரிசு என்ற சொல். 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று பதிவான அரசு நிலத்தை, தகுதி உள்ளவர்களுக்கு ஒப்படைப்பு செய்ய விதிகளில் இடம் உண்டு. மேய்க்காலும் மந்தைவெளியும் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியவை. வகைமாற்றம் செய்யாமல் அவற்றை யாருக்கும் ஒப்படைக்க முடியாது. எனவே உங்கள் மனுவிலேயே 'தரிசு' என்று எழுதிவிடாதீர்கள். அது எதிர்த் தரப்புக்குத்தான் உதவும்.

பதிவேட்டில் எப்படிப் பார்ப்பது?

1. சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடம் உதவும்.

2. தமிழ்நாடு அரசின் நில ஆவண மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து 'அ' பதிவேட்டு விவரத்தை எடுங்கள். ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் வரும். அம்பத்தூர் வட்டம் இப்போது சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தை மாற்றித் தேடினால் கிராமமே வராது.

3. அதில் நன்செய், புன்செய், புறம்போக்கு என எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். புறம்போக்கு என்றால், என்ன புறம்போக்கு என்பதையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

4. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். புலப்படத்தையும் வாங்கி, நிலத்தில் எல்லை அதே அளவில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

5. சந்தேகம் இருந்தால் பழைய பதிவேட்டையும் கேளுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் எண்களும் பெயர்களும் மாறின. அதற்கு முந்தைய பதிவில் என்ன இருந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம்.

மனை வாங்குபவர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். புறநகரில் 'புல்வெளி' என்று காட்டப்படும் குறைந்த விலை நிலம் மேய்க்காலாக இருந்தால், கட்டிய பணம் திரும்புவது கடினம்.

ஆக்கிரமிப்பு இருந்தால்

வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். சர்வே எண், பரப்பு, பதிவேட்டில் உள்ள வகை ஆகிய மூன்றும் மனுவில் இருக்க வேண்டும். தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-ன் 7-ஆவது பிரிவில் அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, 6-ஆவது பிரிவில் அகற்ற வருவாய்த் துறைக்கு அதிகாரம் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். கிராமக் கணக்குகள் அங்கே தணிக்கைக்கு வரும்.

ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். ஆவடி போல மாநகராட்சியான இடங்களில் கிராம சபை கிடையாது. அங்கே வட்டாட்சியரோடு மாநகராட்சி ஆணையருக்கும் மனுவின் நகல் கொடுங்கள்.

பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்தின் ஊர்க் குளம் ஒன்றைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ அரசு அறிவிப்பின்படி கொடுத்த குத்தகை, ஏற்கனவே உள்ள பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம் என்றும் சொன்னது. மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். ஆனால் ஏழைக் குடும்பங்களின் முறையான குத்தகையையும் வேலி போட்டு வளைத்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதாதீர்கள்.

மீட்ட நிலத்தை என்ன செய்வது?

பயன்படாத நிலம் மறுபடி பறிபோகும். மேய்க்காலாக இருந்தால் ஊராட்சி அனுமதியோடு கருவேலத்தை வேரோடு எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கொழுக்கட்டைப்புல்லையும் முயல்மசாலையும் 3:1 விகிதத்தில் விதைக்கலாம். இரண்டும் மானாவாரியில் நிற்கும். நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் புல் தழைக்க நேரம் கிடைக்கும்.

மந்தைவெளியாக இருந்தால் புல் விதைத்துப் பயனில்லை. தண்ணீர்த் தொட்டி, நிழல்மரம், எல்லைக்கல் ஆகிய மூன்றும் போதும். 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரித் தடுப்பூசி முகாமை அங்கேயே நடத்தச் சொல்லுங்கள். இடம் ஊரின் கண் முன்னே பயன்பாட்டில் இருக்கும். முகாம் நடந்த பதிவும் பின்னாளில் சான்றாகும்.

அடுத்த மனு எழுதும் முன் 'அ' பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள சொல்லையே உங்கள் மனுவிலும் எழுதுங்கள்.