காரைத் தூக்குமுன் தரையைப் பாருங்கள்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை'யைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சரிவான பாறையின்மேல் சுமார் 250 டன் எடையுள்ள ஒரு கல், இதோ உருண்டுவிடுவேன் என்று மிரட்டியபடி நிற்கிறது. 1908-ஆம் ஆண்டில் சென்னை கவர்னராயிருந்த ஆர்தர் லாலி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் கல் அசையவில்லை என்று அங்குள்ள வழிகாட்டிகள் கதை சொல்லுவார்கள். கதை எப்படியானாலும் கல் நிற்கிறது. அதன் நிழலில் ஜனங்கள் அச்சமின்றி உட்கார்ந்து முறுக்குத் தின்கிறார்கள்.

அதே ஊரில், ஒரு வீட்டு வாசலின் சரிவான தளத்தில், ஜாக்கி போட்டுத் தூக்கிய ஒரு டன் கார் அப்படி நிற்காது. ஜாக்கி சாய்ந்து, காருக்கு அடியில் படுத்திருந்தவர் மாண்டார் என்ற நான்கு வரிச் செய்தி பத்திரிகைகளில் அவ்வப்போது வரத்தான் வருகிறது. இறந்தவர் தொழில் தெரியாதவராயிருக்க வேண்டும் என்பதில்லை. 'ஒரே நிமிஷ வேலைதானே' என்று உள்ளே நுழைந்தவராக இருப்பார்.

இப்போது வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய கார் லிஃப்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. வேண்டும்போது விரித்து, வேலை முடிந்ததும் சுவரோரம் சாத்தி வைத்துவிடலாம். வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி செங்கற்பட்டு வட்டாரத்தில் எழுவது இயற்கையே. இது கார் பிறக்கும் சீமை. மறைமலைநகரில் 1999-இல் தொடங்கிய ஃபோர்டு தொழிற்சாலை 2022 வரை கார்களை வெளியே அனுப்பிற்று. சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் தயாராகின்றன. ஸ்பானர் பிடித்துப் பழகிய கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

உப்பு தின்னும் இடம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இந்த முப்பது கிலோமீட்டரில் காரின் தலையெழுத்து மாறிவிடுகிறது. கடற்கரைக் கோயிலின் கல்லிலேயே உப்பு ஏறுகிறது; தொல்பொருள் துறையினர் நனைந்த காகிதக் கூழை அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. கல்லுக்கே இந்தக் கதி என்றால் தகட்டுக்குக் கேட்பானேன்?

கடற்காற்று முதலில் கைவைப்பது கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில்தான். சைலென்ஸர் கிளாம்பு, பிரேக் எண்ணெய்க் குழாய், ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டு மடிப்பு ஆகியவை துருவின் பிரியமான இடங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் குடியிருப்பவர் காரின் மேல்பாகத்தைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பார். அடியில் பிரேக் குழாய் அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே அவ்வப்போது காரைத் தூக்கி, அடியைப் பார்த்து, நல்ல தண்ணீரால் கழுவுவது ஆடம்பரமல்ல. நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கரையோரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். அதைக்கொண்டு கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கையல்ல, அபாயம் இருக்கிறது. மேலே சொன்ன தகட்டு மடிப்புதான் பெரும்பாலான சிறிய கார்களில் ஜாக்கி கொடுக்க வேண்டிய இடம். அது துருப்பிடித்து மெலிந்திருந்தால், லிஃப்டின் ரப்பர்க் கட்டை அதை நசுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கார் ஒரு பக்கம் சாயும். தூக்குவதற்கு முன்னால் திருப்புளியின் கைப்பிடியால் அந்த மடிப்பைத் தட்டிப் பார்ப்பது நல்லது. கணீரென்று ஒலித்தால் சரி. மொத்தென்று ஒலித்தாலோ, துருச் செதிள் உதிர்ந்தாலோ அந்தக் காரை மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்புவதே உத்தமம்.

நாவிதர் நாற்காலியில் பிறந்த யோசனை

அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். சிறிய பிஸ்டனை ஒரு கிலோ பலத்துடன் அழுத்தினால், அதைப்போல் ஐம்பது மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டன் ஐம்பது கிலோவைத் தூக்கும். 1795-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் இதைக்கொண்டு அழுத்து யந்திரம் செய்து உரிமை பெற்றார். காரைத் தூக்கும் யோசனை வந்தது 1925-இல். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்பவர், நாவிதர் கடையின் நாற்காலி மேலும் கீழும் போவதைப் பார்த்து, மனிதனைத் தூக்குவது காரைத் தூக்காதா என்று எண்ணினாராம்.

தூக்கும் வேலை உண்மையில் பிரமாதமானதல்ல. 1,200 கிலோ காரை அரை மீட்டர் உயர்த்துவதும், எட்டு மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து பதினைந்து லிட்டர் வாளியால் ஐந்து வாளி தண்ணீர் இறைப்பதும் கணக்கில் ஒன்றே. பாட்டிமார்கள் காலை எழுந்ததும் செய்த வேலை. சிரமம் தூக்குவதில் இல்லை; தூக்கியதை அங்கேயே நிறுத்தி வைப்பதில் இருக்கிறது.

எண்ணெயை நம்பலாமா?

லிஃப்டுக் கடைகளில் எத்தனை டன் தூக்கும், எத்தனை விநாடியில் தூக்கும் என்று பெருமையாகச் சொல்லுவார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல. தூக்கியபின் பாரம் எதன்மேல் நிற்கிறது என்பதே கேள்வி. ஹோஸ் வெடிக்கலாம், ஆயில் சீல் கிழியலாம், பக்கத்து வீட்டுப் பையன் பொத்தானை அழுத்தலாம். எண்ணெய் தூக்கட்டும், எஃகு தாங்கட்டும் என்பதே தொழிற்கூடங்களின் பழைய விதி. நல்ல லிஃப்டில், தூக்கிய உயரத்தில் இரும்புத் தடுப்பு ஒன்று குறுக்கே விழும். பாரத்தைச் சற்றே இறக்கி அந்தத் தடுப்பின்மேல் உட்கார வைத்த பிறகுதான் அடியில் போகலாம்.

கடையிலேயே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். காரை உயர்த்தச் சொல்லி, தடுப்பில் உட்கார வைத்து, எண்ணெயைத் திறந்துவிடும் வால்வைத் திறக்கச் சொல்ல வேண்டும். கார் ஓர் அங்குலம்கூட இறங்கக் கூடாது. 'அதெல்லாம் கம்பெனியிலேயே செய்துவிட்டார்கள் ஸார்' என்று கடைக்காரர் சிரித்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். தடுப்பும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். 2020-இல் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜாக்கி ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பல்லும் கொக்கியும் சரியாகப் பிடிக்காமல், பாரத்தோடு நழுவக்கூடும் என்பதே காரணம்.

தரையே தலையாயது

இனித் தரைக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் அதிகம் பேர் கவனிக்காத விஷயம் இதுதான்.

செங்கற்பட்டுப் பக்கம் பல இடங்களில் மண் கெட்டி. கடற்கரைப் பக்கமோ வெறும் மணல். மணலை நிரவி, அதன்மேல் பேவர் பிளாக் கற்களைப் பரப்பிய வாசல்கள் அங்கே ஏராளம். பார்க்க அழகு, மழைநீரும் உள்ளே இறங்கும். ஆனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனி. காரின் நான்கு சக்கரங்கள் நிற்கும்வரை கற்கள் தாங்கும். ஜாக்கியின் சிறிய இரும்புச் சக்கரமோ, ஸ்டாண்டின் ஒரு காலோ ஒரே கல்லின் மூலையில் உட்கார்ந்தால் அந்த மூலை அமுங்கும். அமுங்குவது உடனே தெரியாது. நட்டு இறுகிப் போய், பலங்கொண்ட மட்டும் ஸ்பானரை இழுக்கும்போதுதான் தெரியும்.

வீட்டு லிஃப்டுக்கு விரிசல் இல்லாத, நான்கு அங்குலத்துக்குக் குறையாத கான்கிரீட் தளம் வேண்டும். மணல் பூமியில் ஐந்து அங்குலம் போட்டுக் கம்பியும் கட்டிவிடுவது மேல். 18 அடி நீளம், 10 அடி அகலம், ஐந்து அங்குலக் கனம் என்றால் 75 கன அடி கான்கிரீட் ஆகும். லிஃப்டு வாங்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும். தளம் மட்டமாக இருக்கிறதா என்பதைக் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கலாம். ரசமட்டம் இல்லாவிட்டால் பையனிடம் ஒரு கோலிக்குண்டை வாங்கித் தரையில் விட்டுப் பார்க்கலாம். மழைநீர் ஓடுவதற்கென்று போர்டிகோவை வாசல் பக்கம் சரித்துக் கட்டுவது நம் வழக்கம். அந்தச் சரிவு தண்ணீருக்கு நல்லது, லிஃப்டுக்கு ஆகாது.

பழைய ஒர்க்‌ஷாப்புகளைப்போல் தரையில் குழி வெட்டிக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கரையோரத்தில் ஐப்பசி பிறந்தால் அந்தக் குழி கிணறாகிவிடும். மேலும் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் இறங்கித் தங்கும். ஒரு பொறி போதும். வேப்ப மரத்திலோ போர்டிகோ உத்தரத்திலோ செயின் பிளாக் கட்டிக் காரையே தூக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கார் தொங்கும் என்று கணக்குப் போட்டு அந்த உத்தரத்தை யாரும் வார்க்கவில்லை.

எந்த வகை?

கடையில் கிடைப்பவற்றை மூன்று விதமாகப் பிரிக்கலாம். பழைய டிராலி ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டுகளும் முதல் விதம். சில ஆயிரம் ரூபாயில் முடியும். காரின் இரு பக்கமும் கிடத்தி, எண்ணெய் அழுத்தத்தால் அரை மீட்டர் எழும்பும் இரட்டைச் சட்டங்கள் இரண்டாவது. நடுவில் வைத்து ஒரு மீட்டர்வரை உயர்த்தும் கத்திரி லிஃப்டு மூன்றாவது. பெயருக்கு நகர்த்தக்கூடியது என்றாலும் கத்திரி லிஃப்டை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

ஒரே கார் வைத்துக்கொண்டு, சர்வீஸை வெளியே கொடுத்துவிட்டு, டயர் மாற்றவும் அடியைப் பார்க்கவும் மட்டும் ஆசைப்படுகிறவருக்கு முதல் விதமே தாராளம். கடைக்காரருக்கு இது பிடிக்காது. இரண்டு மூன்று கார் உள்ள குடும்பம், பிரேக்கையும் எண்ணெயையும் தாமே மாற்றும் பழக்கமுள்ளவர், கடலோரத்தில் இருப்பதால் மாதந்தோறும் அடியைக் கழுவ வேண்டியவர் ஆகியோருக்கு இரட்டைச் சட்டம் ஏற்றது. அது எழும்போது காரும் சற்று முன்னோ பின்னோ நகர்ந்தபடியே எழும். சுவரை ஒட்டிக் காரை நிறுத்தியிருந்தால் பம்பர் இடிக்கும்.

கத்திரி லிஃப்டு வாங்குமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். மறைமலைநகரில் உருவான எண்டெவர் காரின் உயரம் 1.8 மீட்டருக்கு மேல். அதை ஒரு மீட்டர் தூக்கினால் பத்தடி உயரமுள்ள கூரையின் மின்விசிறி என்னவாகும்?

எடையிலும் ஏமாறக் கூடாது. ஆல்ட்டோ முக்கால் டன். எண்டெவரோ இரண்டேகால் டன்னுக்கும் மேல். சட்டத்தின் நீளமும் பொருந்த வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஆல்ட்டோ 800-இல் 2.36 மீட்டர், எண்டெவரில் 2.85 மீட்டர். ஒன்றுக்கு அளவெடுத்த சட்டை மற்றதற்குச் சேராது. எண்டெவர் போன்ற சேஸிஸ் வண்டிகளை அந்தச் சேஸிஸ் சட்டத்தில்தான் தூக்க வேண்டும். மின்சாரக் கார்களிலோ தரை முழுவதும் பாட்டரி பரவியிருப்பதால், கம்பெனி குறித்த நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் கட்டை படக் கூடாது. எஞ்சின் முன்னால் உள்ள கார்களில் பாரமும் முன்பக்கமே அதிகம். லிஃப்டில் நிற்கும்போது கியர் பாக்ஸை இறக்கினால் சமநிலை பின்பக்கம் சாயும். அத்தகைய பெரிய வேலை வீட்டு லிஃப்டுக்கு உரியதல்ல.

மின்சாரம் சாதாரண வீட்டு இணைப்பே போதும். ஆனால் 16 ஆம்பியர் பிளக்கும், நல்ல எர்த்தும் அவசியம். மெல்லிய ஒயரை நீட்டிக் கொடுத்தால் மோட்டார் முனகிச் சூடேறும். கார் மேலே இருக்கும்போது கரண்டு போனால் கையால் இறக்க முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கி வந்தபின் கடற்காற்று லிஃப்டையும் விடாது. பிஸ்டன் தண்டின்மேல் உள்ள மெருகு உப்பு பட்டுப் புள்ளி விழுந்தால், அந்தப் புள்ளிகளே ஆயில் சீலை அறுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் லிஃப்டை முழுதும் இறக்கி, தண்டு சிலிண்டருக்குள் இருக்கும்படி மடக்கி வைக்க வேண்டும். இணைப்புகளுக்குக் கிரீஸ் தடவி, மோட்டாரையும் எண்ணெய்த் தொட்டியையும் கார் ஷெட்டில் விடாமல் வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில், தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.