நின்றுபோன குவார்ட்ஸ் கடிகாரம்

புது மின்கலம் போட்டும் ஓடாத பழைய குவார்ட்ஸ் கைக்கடிகாரம் உங்களிடம் உள்ளதா? உள்ளிருக்கும் படிகம் பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். நொடிக்கு 32,768 முறை அதிரும் அந்தக் குவார்ட்ஸ் படிகம் எளிதில் கெடுவதில்லை. அவ்வதிர்வைச் சிறு மின்சுற்று பதினைந்து முறை பாதிபாதியாக்கி, நொடிக்கு ஒரே துடிப்பாகக் குறைக்கிறது. (கணக்குப் போட்டுப் பாருங்களேன்!) அத்துடிப்பு கம்பிச்சுருளில் பாய்ந்ததும் சிறு காந்தம் சுழன்று நொடிமுள் நகர்கிறது.

பல கடிகாரங்களில் குற்றவாளி பழைய மின்கலமே. அதிலிருந்து கசிந்த காரம், காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் கூடி, தொடுமுனைகளில் வெள்ளை உப்பாகப் படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். மின்கலத்தை எடுத்துவிட்டு, பல்குத்தும் குச்சி நுனியில் துளி வினிகர் தொட்டு அதைத் துடையுங்கள். பிறகு ஆல்கஹால் தடவி உலரவிடுங்கள். கம்பிச்சுருளை மட்டும் தொடாதீர்கள்! தலைமயிரினும் மெல்லிய அக்கம்பி அறுந்தால், அதே ரகக் கடிகாரம் இன்னொன்றின் சுருளைத் தேடிப்பிடிக்க வேண்டியதுதான்.