விடுபட்ட வகுத்தல்

2006 ஜூலை 31. கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள கிராஸ் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண்ணுக்கு ஃப்ளூரோயூராசில் நிரப்பிய சின்ன பம்ப் ஒன்றைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து. நான்கே மணி நேரத்தில் பம்ப் காலியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து அவர் இறந்துபோனார்.

கணக்கு ரொம்பச் சின்னது. மொத்த மருந்து 5,250 மில்லிகிராம். கரைசலில் ஒரு மி.லி.க்கு 45.57 மில்லிகிராம். வகுத்தால் 115.2 மி.லி. அதை நான்கு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 28.8 மி.லி. அதையும் 24-ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 மி.லி. பம்புக்குத் தேவை மணிக்கணக்கு. செவிலியர் முதல் இரண்டு வகுத்தலையும் பிழையின்றிச் செய்தார்; மூன்றாவது விடுபட்டது. பம்பில் 28.8 ஏறியது. சரிபார்த்த இன்னொரு செவிலியரின் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது.

சம்பவத்தை ஆராய்ந்து ஐ.எஸ்.எம்.பி. கனடா என்ற மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் பார்மசி மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மருந்துப் பையின் லேபிளில் ‘24 மணிக்கு 28.8 மி.லி.’ என்றும் ‘மணிக்கு 1.2 மி.லி.’ என்றும் இரண்டு எண்களும் இருந்தன. இரண்டுமே சரியான எண்கள். ஆனால், 28.8 என்று விடை கண்டுவிட்டு லேபிளைப் பார்ப்பவருக்கு அங்கேயும் 28.8 தெரிகிறது, ‘சரிதான்’ என்று மனசு முடித்துக்கொள்கிறது. லேபிள் ஒட்டுவது மருந்தகத்தின் வேலை. அதனால்தான், டிரிப்ஸ் வேகம் செவிலியர்கள் பாடு, நமக்கு மாத்திரையும் ஊசியும் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்று டி.பார்ம் மாணவர் யாராவது நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

நம் வார்டுகளில் பெரும்பாலும் பம்ப் இல்லை. ஸ்டாண்டில் தொங்கும் பாட்டில், விரலால் உருட்டித் திறக்கும் கிளாம்ப், சொட்டு எண்ணும் கண், இவ்வளவுதான். அங்கே கணக்கு இப்படி: கொடுக்க வேண்டிய மி.லி.யை, செட்டின் சொட்டு அளவால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மி.லி. சலைன், ஆறு மணி நேரம், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 10,000-ஐ 360-ஆல் வகுத்து, நிமிடத்துக்கு 28 சொட்டு. பழகியவர்கள் இத்தனைகூட எழுத மாட்டார்கள். மணிக்கு எத்தனை மி.லி. என்று கண்டுபிடித்து, 20 சொட்டு செட்டானால் மூன்றாலும், 15 சொட்டு செட்டானால் நான்காலும் வகுத்துவிடுவார்கள். மைக்ரோ டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு. அதில் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, வகுக்கவே வேண்டாம்.

இந்தச் சுலபத்தில்தான் ஆபத்து. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 1,000 மி.லி. திரவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 42 மி.லி., மைக்ரோ செட்டில் 42 சொட்டு. அந்த செட் கையிருப்பில் இல்லை என்று மருந்தகம் சாதாரண 20 சொட்டு செட்டைக் கொடுத்தனுப்பி, கேஸ் ஷீட்டில் ‘42 சொட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால்? மணிக்கு 126 மி.லி. போகும். ஒரு நாள் முழுக்கப் போக வேண்டியது எட்டு மணி நேரத்தில் அந்தச் சின்ன உடம்பில் ஏறிவிடும். யாரும் கணக்கில் தப்புப் பண்ணவில்லை. செட் மட்டும்தான் மாறியது. உறையில் அச்சிட்டிருக்கும் சொட்டு அளவைப் படிக்காமல் ஒரு செட்டைக்கூட கவுன்ட்டர் தாண்ட விடக் கூடாது.

சில இடங்களில் சொட்டுக் கணக்குக்கே வேலையில்லை. காலராவில் நீரெல்லாம் வற்றிப்போன பெரியவர்களுக்கு முதல் அரை மணியில் கிலோவுக்கு 30 மி.லி. ரிங்கர் லாக்டேட் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்த இரண்டரை மணியில் கிலோவுக்கு 70. ஐம்பது கிலோ ஆளுக்கு முதல் அரை மணியில் 1,500 மி.லி.; 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு ஆயிரம் சொட்டு! எண்ணவா முடியும்? கிளாம்பை முழுக்கத் திறந்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு கையிலும் லைன் போட வேண்டியதுதான். 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லட்டா, காலராவில் சாகக் கிடந்த ஒரு மூதாட்டிக்கு அரை மணியில் ஆறு பைன்ட், ஏறத்தாழ மூன்று லிட்டர், உப்புநீர் ஏற்றினார். அவர் பிழைத்தெழுந்ததுபோல் தெரிந்ததும் லட்டா கிளம்பிவிட்டார். வயிற்றுப்போக்கு திரும்பியது, உப்புநீர் திரும்ப ஏறவில்லை, சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்துவிட்டார். வேகமாகக் கொடுத்தது சரி. அதற்குப் பிறகு எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் இல்லாமல் போனது.

பொட்டாசியம் குளோரைடில் நேர்மாறு. 15 சதவீத ஆம்பூல், 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட். நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். கலந்துதான் கொடுக்க வேண்டும். கலந்தாலும், சாதாரண வார்டில் கை நரம்பு வழியாக மணிக்கு 10-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். ஓர் ஆம்பூல் கலந்த 500 மி.லி. பாட்டிலை அவசரத்தில் அரை மணியில் ஓட்டிவிட்டால் மணிக்கு 40 என்ற வேகத்தில் ஏறும். வெளியே பார்க்க அது வெறும் சலைன் பாட்டில் மாதிரிதான் இருக்கும். லேபிளில் ‘பொட்டாசியம் கலந்தது, இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் அந்த அவசரக் கை நிற்கும்.

டி.பார்ம் படிப்பில் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி இருக்கிறது. அதில் சில மணி நேரத்தையாவது வார்டில் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கழிக்க வைக்கலாம். நோயாளி கையை மடக்கினால் சொட்டு குறைவதையும், பாட்டிலை உயர்த்தினால் கூடுவதையும் பார்த்தவருக்குத்தான், ஒருமுறை எண்ணிவிட்டுப் போனால் போதாது என்பது விளங்கும். வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை சொட்டு என்று மட்டும் கேட்காதீர்கள், தலைகீழாகவும் கேளுங்கள். 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் கலந்த 500 மி.லி. பாட்டில், 20 சொட்டு செட், நிமிடத்துக்கு 50 சொட்டு, காலை 10 மணிக்கு ஆரம்பித்தது. எப்போது தீரும்? மணிக்கு எவ்வளவு பொட்டாசியம் போகிறது? இந்த வேகத்தில் கொடுக்கலாமா? பிற்பகல் 1.20-க்குத் தீரும், மணிக்கு 6 போகிறது, கொடுக்கலாம் என்று மூன்றையும் எழுதுகிற மாணவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.