தாய்ச்செடி வாடினாலும்...

இரண்டு வருடத்துக்கு முன் சந்தையில் ஒரு பூஞ்செடி வாங்கினேன். பெயர் தெரியாது. ஓரத்தில் முள்ளுள்ள பச்சை இலை, அதன்மேல் வெள்ளிப் பட்டிகள், நடுவில் தண்ணீர் நிற்கும் குழி, இளஞ்சிவப்புப் பூங்கொத்து. இந்த அடையாளங்களைக் கொண்டுதான் அறிந்தேன்: பிரேசிலைச் சேர்ந்த எக்மியா ஃபாசியாட்டா, அன்னாசிக் குடும்பம். முள்ளில்லாத இலையென்றால் குஸ்மேனியாவாக இருக்கலாம்.

பூத்து முடிந்ததும் செடி வாடியது. பிடுங்கி எறியப் போனேன். அடியில் இரண்டு குட்டிகள்! இது ஒருமுறைதான் பூக்கும். பிறகு குட்டி வைத்துவிட்டு மெல்ல மடியும்.

தாயின் பாதி உயரம் வந்ததும் குட்டிகளை வெட்டி, தும்புச்சோறும் கரித்துண்டும் கலந்த சாடியில், நிழலில் நட்டேன். சகோதரிகளே, குழித் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்து மாற்றுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடும்.

ஒரு குட்டியை விற்றேன். மற்றது முற்றத்தில் நிற்கிறது.