முலாம் எவ்வளவு, முதல் எவ்வளவு?
பூசைப் பொருள் விற்கும் கடைக்காரர்கள் அறிய வேண்டிய கணக்கு

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணி மலையடிவாரக் கடைகளில் வியாபாரம் சூடுபிடித்துவிடும். தமிழ்நாட்டுப் பக்தர்களோடு நகரி, புத்தூர்ப் பக்கமிருந்தும் காவடி எடுத்து வருவார்கள். மஞ்சள், கற்பூரம், ஊதுவத்தி விற்கும் கடையிலும் ஒரு தட்டில் சிறு வேல், காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ் வைத்திருப்போம். வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "இது வெள்ளியா, முலாமா?" என்பதுதான். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்ல, முலாம் என்றால் என்ன என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய முறையும் புதிய முறையும்

பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயம் பூசுவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே பூசப்படுவது உருகிய வெள்ளீயம். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, பிறகு தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கும் முறையும் முன்பு உண்டு. அந்த ஆவி நச்சு என்பதால் தொழிலாளிகளுக்குப் பெருங்கேடு விளைந்தது. வேலூரை அடுத்த ஸ்ரீபுரம் பொற்கோயிலில் கையாண்டது வேறு முறை. அங்கே செப்புத் தகடுகளின் மேல் தங்க ரேக்குகளைப் போர்த்தியிருக்கிறார்கள்.

இன்று கடைக்கு வரும் பெரும்பாலான முலாம் பொருள்கள் மின்சாரத்தால் பூசப்பட்டவை. இத்தாலியைச் சேர்ந்த புருன்யாடெல்லி 1805-ல் மின்சாரத்தால் தங்க முலாம் பூசிக் காட்டினார். 1840-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்று அதைத் தொழிலாக்கினர்.

செய்முறை எளிதுதான். மயில்துத்தம் கரைத்த நீரில் ஒரு செப்புத் தகட்டையும் முலாம் பூச வேண்டிய பொருளையும் தொங்கவிட வேண்டும். பாட்டரியின் நேர்முனையைத் தகட்டிலும் எதிர்முனையைப் பொருளிலும் இணைத்தால், தகட்டிலிருந்து செம்பு கரைந்து பொருளின் மேல் படியும். மெல்லியதாகப் படிந்தால் அது முலாம். கனமாகப் படியவிட்டு, உள்ளே இருக்கும் அச்சை எடுத்துவிட்டால் அது மின்வார்ப்பு. ரஷ்யாவில் யாகோபி 1838-ல் இந்த வித்தையைக் காட்டினார். கிராமபோன் இசைத்தட்டை அச்சடிக்கும் நிக்கல் அச்சு இப்படித்தான் செய்யப்பட்டது.

இத்துறை ஆராய்ச்சிக்கென்றே நம் மாநிலத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 பொங்கல் நாளில் அதைத் திறந்து வைத்தவர், அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த திருத்தணி மைந்தர் டாக்டர் ராதாகிருஷ்ணன்.

எடைக் கணக்கு

ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1.19 கிராம் செம்பு அல்லது 4 கிராம் வெள்ளி படியும். முலாமின் கனத்தை மைக்ரான் அளவில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.

300 கிராம் எடையுள்ள பித்தளை விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைப்போம். அதன்மேல் ஒரு மைக்ரான் கனத்துக்கு வெள்ளி பூசினால், ஏறும் வெள்ளி 0.21 கிராம், அதாவது கால் கிராமுக்கும் குறைவு. தாராளமாக 5 மைக்ரான் பூசினாலும் ஒரு கிராம்தான். மற்றதெல்லாம் பித்தளை.

கவரிங் நகைக்கும் இதே கணக்குத்தான். 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வளையலில் 0.1 மைக்ரான் தங்கம் பூசினால், அதில் உள்ள தங்கம் சுமார் 4 மில்லிகிராம். ஒரு கிராம் தங்கத்தில் அப்படி 250 வளையல் பூசலாம்! ஆகவே முலாம் பொருளின் விலை என்பது அடி உலோகத்தின் விலையும் வேலைக்கூலியும்தான். வெள்ளி விலையில் எடை போட்டு விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

கொள்முதலின்போது நாமும் சோதிக்கலாம். காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. திண்மமான பொருளானால் தராசில் எடை போட்டு, அளவுக் குவளை நீரில் முழுக்குங்கள். 105 கிராம் சுத்த வெள்ளி 10 மில்லி நீரை உயர்த்தும். அதே எடைப் பித்தளை 12 மில்லிக்கு மேல் உயர்த்தும். உள்ளே அரக்கு அடைத்த பொருளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

வீட்டில் செய்பவர்கள்

சில இளைஞர்களும் கைவினைப் பெண்களும் இதைப் பொழுதுபோக்காக வீட்டிலேயே செய்கிறார்கள். காய்ந்த அரச இலைக்கு வார்னிஷ் அடித்து, கிராஃபைட் தூள் கலந்த பூச்சைத் தடவி மின்சாரம் பாயும்படி செய்து, செம்பில் போர்த்தி எடுக்கிறார்கள். இருபுறமும் சேர்த்து 50 சதுர சென்டிமீட்டர் உள்ள இலைக்குக் கால் ஆம்பியர் மின்சாரம் 12 மணி நேரம் கொடுத்தால், சுமார் மூன்றரை கிராம் செம்பு ஏறும். அவசரப்பட்டு மின்சாரத்தைக் கூட்டினால் கரும்பொடியாகப் படிந்து உதிரும். இரும்பை மயில்துத்த நீரில் வெறுமனே முக்கினாலே செம்பு நிறம் வரும். ஆனால் அது துடைத்தால் போய்விடும். இப்படிச் செம்பேறிய இரும்பைச் செம்பு என்று யாராவது கொண்டுவந்தால் ஏமாறக் கூடாது.

செம்போடு நின்றால் அது நல்ல பொழுதுபோக்கு. வெள்ளி, தங்க முலாம் பட்டறைகளில் சயனைடு உப்புகள் பயன்படுகின்றன. அவை உயிரைக் குடிப்பவை. வீட்டுக்குள் நுழையவே கூடாதவை. எவர்சில்வர் துண்டை நேர்முனையில் மாட்டுவதும் ஆபத்து. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைந்து நீரில் கலக்கும்.

கல்லாவில் கவனிக்க வேண்டியவை

இத்தகைய வாடிக்கையாளர் மயில்துத்தம், வினிகர், ஆசிட் கேட்டு நம்மிடம் வரக்கூடும். மயில்துத்தம் நீல நிறக் கற்கண்டு போலிருக்கும். வயிற்றுக்குள் போனால் விஷம். மூடிய டப்பாவில் பெயரெழுதி, உணவுப் பண்டங்களுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். அதற்குத் தனிக் கரண்டி, தனித் தட்டு வேண்டும். வெறும் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தராதீர்கள்.

ஆசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று கடும் உத்தரவு பிறப்பித்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். புகைப்பட அடையாள அட்டையைப் பார்த்து, எதற்காக வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கவே கூடாது. இருப்பை 15 நாட்களுக்குள் கோட்டத்து நிர்வாக நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். மளிகைக் கடையில் ஆசிட் வைக்காமலிருப்பதே நிம்மதி.

பயன்படுத்திய துத்த நீரைக் கிணற்றிலோ குளத்திலோ கொட்டினால் மீன்கள் சாகும். வாங்குபவரிடம் இதைச் சொல்வதும் நம் கடமையே. அதில் சுண்ணாம்பு கலந்தால் செம்பு சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைத் தனியே எடுத்து வைக்கலாம்.

விற்கும்போது

பில்லில் "பித்தளை விளக்கு, வெள்ளி முலாம்" என்றே எழுதுங்கள். தட்டிலும் அப்படியே ஒரு சீட்டு இருக்கட்டும். முலாமை வெள்ளி என்று சொல்லி விற்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்குக்கு இடம் தரும். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், மெல்லிய துணியால் துடைத்தால் போதும் என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இவ்வளவும் செய்தால், அடுத்த கிருத்திகைக்கு அவர் வரும்போது விளக்கு வெளுத்துப் போயிருந்தாலும் நம்மிடம் சண்டைக்கு வர மாட்டார். அடுத்த விளக்கையும் நம் கடையிலேயே வாங்குவார்.