ஒரே பெயர், இரண்டு செயலிகள்



கடந்த ஆண்டு என் தம்பிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. முடிவு தெரிந்த அன்று மாலையே அவன் என்னிடம் வந்து, “அண்ணே, மேசைக்கணினி வாங்கலாமா, மடிக்கணினி வாங்கலாமா?” என்று கேட்டான். கையில் இருந்தது அம்மாவின் சேமிப்பிலிருந்து எடுத்த நாலாயிரம் ரிங்கிட். பாடத்திற்கும் வேண்டும், விளையாட்டுக்கும் வேண்டும். நான் கணினித் துறையில் வேலை பார்ப்பதால் உடனே விடை சொல்லிவிடுவேன் என்று நினைத்தான். நான் சொல்லவில்லை. இதே கேள்விக்கு ஒரு காலத்தில் தவறான விடையைத் தேடிக்கொண்டு, அதன் பலனையும் அனுபவித்தவன் நான்.

2017இல் முதலாண்டு மாணவனாகச் சேர்ந்தபோது, கல்விக் கடனின் முதல் தவணை கைக்கு வந்ததும் மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். செயலியின் பெயரில் பெரிய எண் இருந்தது. அதை மட்டுமே பார்த்தேன். அறைத் தோழன் என்னைவிடக் குறைந்த விலையில், பெயரில் சிறிய எண் கொண்ட செயலியோடு மேசைக்கணினி ஒன்றைப் பூட்டிக்கொண்டான். “உன்னுடையது பழைய காலத்துப் பெட்டி” என்று அவனைக் கேலி செய்ததும் நினைவிருக்கிறது.

மறு ஆண்டு நம் கழகத்தின் கலை இரவுக்கு எட்டு நிமிடக் காணொளி தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதன் இறுதிப் பகுதியில், ஓய்வுபெற்ற தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் பேட்டி. அதைப் பார்ப்பதற்காகவே அவர் சுங்கை சிப்புட்டிலிருந்து பேருந்தில் வந்திருந்தார். அன்று மாலை காணொளியைக் கோப்பாக மாற்றத் தொடங்கினேன். முதல் இரண்டு நிமிடம் வேகமாக ஓடியது. அரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டேன். பிறகு விசைப்பலகை சுடத் தொடங்கியது, விசிறி இரைந்தது, வேகம் பாதியாயிற்று. நிகழ்ச்சி தொடங்கும்போதும் வேலை முடியவில்லை. பேட்டி இல்லாத பழைய வரைவைத்தான் திரையிட்டோம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பரிசளிப்பு வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் புறப்பட்டார். ஒரு வாரம் கழித்து முழுக் காணொளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனாலும் மண்டபம் நிறைந்த கூட்டத்தோடு அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கணினியில் கோளாறு எதுவும் இல்லை. நான்தான் பெயரைப் பார்த்து ஏமாந்தேன்.

அந்தக் காலத்துச் செயலிகளையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் ஐ7-7500யூ என்பது மடிக்கணினிக்கான செயலி. அதில் இரண்டு கோர்கள். கோர் என்பது தனியாகக் கணக்குப் போடக்கூடிய ஓர் அலகு. செயலிக்குள் எத்தனை வேலையாட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதே தலைமுறை மேசைக்கணினியின் ஐ5-7400இல் நான்கு கோர்கள். முன்னது 15 வாட் மின்சாரத்திற்கு வடிவமைக்கப்பட்டது, பின்னது 65 வாட்டிற்கு. பெயரில் 7 பெரிது, 5 சிறிது. நீண்ட நேர உழைப்பில் கதை தலைகீழ்.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு, ஏஎம்டி நிறுவனத்தின் 2020, 2021ஆம் ஆண்டுச் செயலிகள். ரைசன் 7 5800எக்ஸ், 5800ஹெச், 5800யூ ஆகிய மூன்றும் ஒரே கட்டமைப்பைச் சேர்ந்தவை. மூன்றிலும் எட்டுக் கோர்கள். எண்ணும் ஒன்றே. ஆனால் முதலாவது மேசைக்கணினிக்கு, 105 வாட் என்று குறிக்கப்பட்டு உச்சத்தில் 142 வாட் வரை இழுக்கும். இரண்டாவது பருமனான மடிக்கணினிக்கு, 45 வாட். மூன்றாவது மெல்லிய மடிக்கணினிக்கு, 15 வாட். பெயரின் கடைசி எழுத்தில்தான் முழுச் சங்கதியும் ஒளிந்திருக்கிறது.

இந்த மூன்றின் வேகத்தைப் பாருங்கள். குறுகிய நேரத்திற்கு எட்டக்கூடிய உச்ச வேகம் முறையே 4.7, 4.4, 4.4 கிகாஹெர்ட்ஸ். வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் தொடர்ந்து உழைக்கும்போது உறுதியளிக்கப்படும் அடிப்படை வேகம் 3.8, 3.2, 1.9. இங்கேதான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். என் காணொளி முதல் இரண்டு நிமிடம் ஓடி, பிறகு நொண்டியதன் காரணமும் இதுவே. செயலி சிறிது நேரம் தன் வரம்பை மீறி ஓடும். வெப்பம் ஏறியதும், அல்லது அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்ததும், வரம்புக்குள் இறங்கிவிடும்.

ஒரே சமையற்காரரைத் திருமண மண்டபத்தின் பெரிய அடுப்படியிலும், சன்னல் இல்லாத விடுதி அறையின் மின்னடுப்பிலும் நிறுத்திப் பார்ப்பதைப் போன்றது இது. இரண்டு பேருக்குத் தேநீர் போடுவதென்றால் இரண்டு இடத்திலும் ஒரே நேரம்தான் ஆகும். இருநூறு பேருக்குச் சமைக்கச் சொன்னால்தான் அடுப்பின் அளவும் புகை வெளியேற வழி இருக்கிறதா என்பதும் தெரியவரும்.

நம் அன்றாட வேலை பெரும்பாலும் தேநீர் போடுவதுதான். கட்டுரை தட்டச்சு செய்வது, இணையத்தில் பக்கங்களைத் திறப்பது, இணையவழி வகுப்பில் சேர்வது எல்லாம் ஒரு நொடி உழைத்துப் பல நொடி ஓய்வெடுக்கும் வேலைகள். நாம் அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் செயலி ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும். ஆகவே இவற்றுக்கு 15 வாட் செயலியே தாராளம். கணினி மந்தமாக இருக்கிறது என்று குறைப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் போதாமலிருப்பது நினைவகம். செயலிக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சத்தை 16 கிகாபைட் நினைவகத்திற்கு மாற்றிவிடுவது நல்லது.

மின்சாரத்தைக் குறைத்தால் வேகமும் அதே விகிதத்தில் குறையுமா என்றால், இல்லை. இதில் ஒரு சுவையான இயற்பியல் இருக்கிறது. செயலி செலவிடும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்தைப் பொறுத்தும், மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தும் கூடுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் கடைசிப் பத்து விழுக்காட்டு வேகத்துக்குக் கொடுக்கும் மின்சாரம் மிக அதிகம். திருப்பிப் பார்த்தால், உச்சத்திலிருந்து சற்று இறங்கினாலே மின்செலவு வெகுவாகக் குறையும். மடிக்கணினிச் செயலிகள் பிழைப்பதே இந்த விதியால்தான்.

மடிக்கணினிச் செயலி என்றாலே தாழ்ந்தது என்று நினைப்பதும் தவறு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்டியம் 4 செயலிகளை வேகத்தை மட்டுமே குறிவைத்து இன்டெல் உருவாக்கி வந்தது. 4 கிகாஹெர்ட்ஸை எட்டவிருந்த வேளையில், 2004இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. வெப்பம் பெருந்தடையாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, மடிக்கணினிக்கென்றே சிக்கனமாக வடிவமைத்த பென்டியம் எம் வெளிவந்திருந்தது. அதன் வழித்தோன்றலான கோர் 2 டுவோ, 2006இல் மேசைக்கணினிக்குள்ளும் நுழைந்து பென்டியம் 4 வரிசையை ஓரங்கட்டியது. மேசையின் அண்ணன் மடியின் தம்பியிடம் பாடம் கற்றான் என்று சொல்லலாம்.

இந்த வெப்பக் கதையில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1972இல் பினாங்கில் அமைந்தது. நம் குடும்பங்களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன அத்தையோ சித்தியோ இல்லாத வீடு வடக்கே குறைவு. என் சித்தியும் அங்கே ஒரு தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் பகுதியில் இருந்தார். ஒரே அச்சில் வார்த்த சில்லுகள்கூட ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. சில குறைந்த மின்னழுத்தத்திலேயே நன்றாக ஓடும், சில அதிகம் கேட்கும். சோதித்துத் தரம் பிரித்து, அதற்கேற்ற பெயரைச் சூட்டுவார்கள். “அரிசி புடைக்கிற மாதிரிதான்யா” என்பார் சித்தி.

இனி விளையாட்டுக்கு வருவோம். திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்தையும் முதலில் செயலி ஆயத்தம் செய்கிறது. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்ந்தது என்று கணக்கிட்டு, வரைகலை அட்டையிடம் வரையச் சொல்கிறது. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 144 படம் என்றால் 6.9 மில்லிநொடிதான். சைபர்பங்க் 2077 போன்ற கண்ணைப் பறிக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலும் வரைகலை அட்டைதான் திணறும், செயலி காத்திருக்கும். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவற்றில் வரைவது எளிது, ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும். அங்கே செயலியின் தரம் பளிச்சென்று தெரியும்.

இங்கு மேசைக்கணினிக்கு இன்னொரு சாதகம் உண்டு, கேச் என்னும் உள் நினைவகம். அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலி தன் இடுப்பிலேயே செருகி வைத்துக்கொள்ளும் இடம் அது. மேலே சொன்ன 5800எக்ஸில் மூன்றாம் நிலை கேச் 32 மெகாபைட், 5800ஹெச்சில் 16தான். 2022இல் வந்த 5800எக்ஸ்3டி, கேச்சை 96 மெகாபைட்டாக உயர்த்தியது. அதன் உச்ச வேகம் 5800எக்ஸைவிடக் குறைவு. ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் அதுவே முந்தியது. கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்ப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

மடிக்கணினியில் செயலியும் வரைகலைச் சில்லும் ஒரே குளிரூட்டியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு சட்டியில் இரண்டு பேர் சாப்பிடுவது போலத்தான். தவிர, வரைகலைச் சில்லிலும் இதே பெயர் மயக்கம் இருக்கிறது. மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை 115 வாட். அதே பெயருள்ள மடிக்கணினிச் சில்லுக்கு 35 முதல் 115 வாட் வரை எதையும் தயாரிப்பாளர் ஒதுக்கலாம். ஆகவே ஒரே பெயர்கள் எழுதப்பட்ட இரண்டு மடிக்கணினிகள்கூட ஒன்றாக ஓடா. நான் தம்பிக்குச் சொன்ன குறுக்கு வழி, பெட்டிக்குள் இருக்கும் மின்னேற்றியின் வாட் அளவைப் பார்ப்பது. அறுபத்தைந்து வாட் மின்னேற்றியோடு வரும் கணினி, எத்தனை பெரிய பெயர் சுமந்தாலும் அதற்கு மேல் நெடுநேரம் இழுக்க முடியாது. 230 வாட் என்றால் உள்ளே உண்மையாகவே பசியுள்ள ஒன்று இருக்கிறது என்று பொருள்.

விலை ஒரு தடையில்லை என்றால் இடைவெளி குறைந்தே வருகிறது. மேசைக்கணினிச் சில்லையே மடிக்கணினியில் பொருத்தும் ஹெச்எக்ஸ் வகை இப்போது இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஐ9-13900ஹெச்எக்ஸில் மேசைக்கணினியின் 13900கே போலவே 24 கோர்கள். உச்ச மின்வரம்பு மட்டும் 157 வாட், மற்றதற்கு 253. ஆனால் அத்தகைய கணினியைத் தோளில் சுமந்து விரிவுரை மண்டபம் வரை நடந்து பார்க்க வேண்டும். பேட்டரியில் அந்த வேகமும் கிடைக்காது.

பழுதும் புதுப்பித்தலும் வேறு கணக்கு. ஏஎம்டி 2017இல் முதல் ரைசனுக்குப் பயன்படுத்திய அதே ஏஎம்4 பொருத்துவாயில்தான் 2022இன் 5800எக்ஸ்3டியும் உட்காருகிறது. பல பழைய தாய்ப்பலகைகளுக்கு மென்பொருளைப் புதுப்பித்தாலே போதும். என் அறைத் தோழன் பிற்பாடு ஏஎம்4 பலகைக்கு மாறி, அதிலேயே இரண்டு செயலி பார்த்துவிட்டான். இன்றைய மடிக்கணினிகளிலோ செயலியைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது எதுவோ, கடைசி வரை அதுவே.

இன்னொரு கண்ணிவெடியையும் தம்பிக்குக் காட்டினேன். 2022இல் வந்த ரைசன் 5 7520யூ என்னும் செயலி 7 என்ற எண்ணோடு தொடங்குகிறது. புதிது என்று தோன்றும். ஆனால் அதன் உள்ளே இருப்பது 2019ஆம் ஆண்டுக் கட்டமைப்பு. மூன்றாவது இலக்கமான 2 அதைத்தான் சொல்கிறது. அதே வரிசையில் 7840யூ என்றால் நான்காம் தலைமுறைக் கட்டமைப்பு. இப்படியெல்லாம் பெயர் வைத்தால் சோதிடர்தான் விளக்க வேண்டும்.

கடைசியில் தம்பியிடம் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்டேன். கணினியை வாரத்தில் எத்தனை நாள் வெளியே தூக்கிப் போவாய்? தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் அதை எதற்காக வருத்துவாய்? விடுதி அறை சிறிது, வகுப்புக்கு நாள்தோறும் எடுத்துப் போக வேண்டும் என்றான். விளையாட்டு இரவில்தான், அதுவும் பெரும்பாலும் வாலரன்ட். மேசைக்கணினியில் அதே பணத்துக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும் என்பதை மறைக்காமல் சொன்னேன். அவன் தெரிந்தே அதை விட்டுக்கொடுத்தான். 45 வாட் செயலி உள்ள, சற்றுப் பருமனான மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். பணம் செலுத்தும் முன் கடைக்காரரின் அனுமதியோடு சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு, முதல் நிமிட வேகமும் இறுதி நிமிட வேகமும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தோம். அது என் வற்புறுத்தல். பின்னால் காத்திருந்தவர்கள் எங்களை முறைத்தார்கள்.

குளிர்சாதனம் இல்லாத விடுதி அறையில் அவனுக்கு இப்போது வேறு கவலை, அடியிலிருந்து காற்று உள்ளே போக இடம் வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது என் அலமாரியிலிருந்து ஒரே தடிப்பாக இருந்த இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய், பின்பக்க மூலைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். தேடிப் பார்த்தேன். காணாமல் போனவை நம் கழக ஆண்டிதழின் 2017, 2018ஆம் ஆண்டுப் பிரதிகள்.