சேறும் சிறகும் – 12: இரவில் சீழ்க்கையடிக்கும் வாத்து

சென்ற வாரம் பார்த்த நத்தைகுத்தி நாரை, அண்மை ஆண்டுகளில் வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாக நம் வயல்களில் வந்திறங்கிய விருந்தாளி. இந்த வாரப் பறவை அப்படியில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே குஞ்சு பொரித்து, ஆண்டு முழுவதும் இங்கேயே கிடக்கும் பழைய குடி. மலாய்க்காரர்கள் பெலிபிஸ் என்பார்கள். தமிழ்நாட்டுப் பறவை நூல்களில் சீழ்க்கைச் சிறகி. பினாங்கின் பத்து காவான் தோட்டத்துச் சனங்களுக்கு அது வெறும் காட்டு வாத்துதான்.

பகலில் பார்த்தால் சோம்பேறிப் பறவை என்றுதான் தோன்றும். சதுப்பு மரங்களின் ஓரத்திலோ, கழிமுகத்தின் அலையில்லாத நீரிலோ, மழைநீர்த் தேக்கக் குளத்தின் புல்மேட்டிலோ கூட்டமாக ஒதுங்கி, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு உறங்கும். அதன் வேலை நேரமே இரவுதான். பொழுது சாய்ந்ததும் ஒன்று கத்தும், இன்னொன்று பதில் கொடுக்கும், சற்று நேரத்தில் மொத்தக் கூட்டமும் எழும்பி வயலையும் குட்டையையும் தேடிப் போகும். சிந்திய நெல், நீர்ச்செடிகளின் விதை, தளிர், சின்ன நத்தை, சிறு மீன், தவளை என்று எதையும் விடாது. முக்குளித்தும் இரை தேடும்.

இங்கே தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “பகல்ல எங்க கெடக்கும்னே தெரியாது தம்பி. பொழுது போனதும் லயத்துக்கு மேல விசிலடிச்சிக்கிட்டுப் போவும். கிராணி வீட்டு நாய் ஒடனே கொலைக்க ஆரம்பிச்சிரும்” என்றார். அந்தத் தோட்டத்தில் பலருக்கு இந்தப் பறவை ஒரு குரலாக மட்டுமே பழக்கம்.

முகத்தை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும். தொலைநோக்கியில் பிடித்தால், செம்பழுப்பு உடம்பு. சாம்பல் படிந்த தலை, உச்சியில் மட்டும் கருமை. கண்ணைச் சுற்றி நூல்போல ஒரு மஞ்சள் வளையம். முதுகுச் சிறகு ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெளிர்க் கோடு ஓடுவதால் முதுகு முழுக்கச் செதில் செதிலாகத் தெரியும். எழும்பிப் பறக்கும்போது வாலடியில் அடர்ந்த செங்காவி நிறம் பளிச்சிடும். எடை அரைக் கிலோவைச் சுற்றித்தான். 1821இல் இயற்கையியலாளர் ஹார்ஸ்ஃபீல்ட் ஜாவாவில் கிடைத்த பறவையை வைத்து விவரித்ததால், அறிவியல் பெயரில் ஜாவா ஒட்டிக்கொண்டது.

நான் இந்தப் பறவையை மதிப்பது அதன் குடும்ப வாழ்க்கைக்காக. வடக்கத்திய வாத்து இனங்கள் பலவற்றில் ஆண் பகட்டாக உடுத்தி, பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் கிளம்பிவிடும். சீழ்க்கைச் சிறகியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடைதான், உழைப்பும் இருவருக்கும் பொது. அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் கூட்டிப்போய் மேய்ப்பதிலும் ஆண் கூடவே நிற்கும். 7 முதல் 12 வரை வெள்ளை முட்டைகள், மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான அடைகாப்பு. பொரித்த குஞ்சுகள் பறக்கத் தெரியாமலே மர உயரத்திலிருந்து குதித்து இறங்கி, தாய் தந்தை பின்னால் தண்ணீரைத் தேடி நடக்கும்.

மர உயரம் என்று சொன்னேன். பிரச்சினை அங்கேதான். இந்த வாத்து மரப்பொந்தில் முட்டையிட விரும்புகிறது. பொந்து கிடைக்காவிட்டால் காகமோ கொக்கோ விட்டுப்போன கூடு, பனையின் மட்டை இடுக்கு, அதுவும் இல்லையென்றால் உயர்ந்த புல்லுக்குள் தரை. தரை என்றால் உடும்புக்கும் தெருநாய்க்கும் விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

பத்து காவானின் கதை தெரிந்ததுதான். ஆறுகள் சூழ்ந்த இந்த நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் சீனர்களும் ஐரோப்பியர்களும் கரும்புத் தோட்டம் போட்டார்கள். பத்து காவான் அடங்கிய செபராங் பிறையின் கரும்புக் கொல்லைகளுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, பின்னர் செம்பனை. 2014 மார்ச் 1ஆம் தேதி 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தது. அதன் பிறகு தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்த வேகத்தை நாம் கண்ணாரப் பார்த்தோம். வேலையும் வீடும் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தைச் சமன் செய்யும்போது பட்டுப்போன மரம்தான் முதலில் விழுகிறது. யாருக்கும் பயனில்லை என்று நாம் தள்ளும் அந்த மரத்தில்தான் பொந்து இருக்கிறது.

தொழில் நகரமும் இந்த வாத்தும் சேர்ந்து வாழ முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கொல்கத்தாவுக்கு அக்கரையில் ஹவுராவில், சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் வீடுகள். குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் பறவைகளில் பெரும்பாலானவை இதே சீழ்க்கைச் சிறகிகள்தாம். ஏரியை மூடும் ஆகாயத்தாமரையைக் குளிர்காலத்துக்கு முன் அப்புறப்படுத்துவார்கள், முழுவதையும் அல்ல. ஆங்காங்கே திட்டுத் திட்டாக விட்டுவைப்பார்கள். பகலில் வாத்துகள் உறங்குவது அந்தத் திட்டுகளில்தான். முழுவதும் வழித்தெடுத்த ஏரியும் அதற்கு ஆகாது, முழுவதும் மூடிக் கிடக்கும் ஏரியும் ஆகாது.

நம் பக்கத்திலும் நல்ல உதாரணம் உண்டு. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990களிலிருந்து சுங்கை ஆச்சே பக்கம் சேற்றில் இறங்கிச் சதுப்பு மரக்கன்று நட்டு வருகிறார்கள். மீனுக்காக நட்டது, நிழல் பறவைக்கும் கிடைக்கிறது.

பத்து காவானில் கூடுதலாக வேண்டியது சொற்பம். தேக்கக் குளங்களின் கரையில் நான்கு பக்கமும் ஒரே நாளில் புல் வெட்டாமல், ஒரு பக்கம் வெட்டி, அது வளர்ந்த பிறகு மறுபக்கம் வெட்டலாம். ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தை அப்படியே விடலாம். மரமே இல்லாத இடத்தில் கம்பம் நட்டுப் பலகைப் பெட்டி பொருத்திப் பார்க்கலாம். அமெரிக்காவின் டெக்சஸில் இதன் உறவுக்காரப் பறவையான கருவயிற்றுச் சீழ்க்கைச் சிறகி அப்படிப்பட்ட பெட்டிகளில் தாராளமாக முட்டையிடுகிறது. தச்சு வேலை கற்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார்கள். பெட்டியை நீருக்கு மேலே பொருத்தி, கம்பத்தில் வழுக்குத் தகடு சுற்ற வேண்டும். இல்லையென்றால் முதலில் குடியேறுவது பாம்புதான்.

(தொடரும்)